காற்று 52, அலை 2.4

ஜூன் 4, செவ்வாய்

இன்று முதல் வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் மூன்று முதல் நாலு வரை. திரையில் பதினான்கு முகங்கள். எல்லாரும் என்னைப் போலக் கடற்கரை ஊர்களின் தகவல் நிலையங்களில் வேலை பார்க்கும் பெண்கள். முப்பத்தொன்பது வயதில் நான்தான் மூத்தவள். நடத்துகிற ஷஃபீனாவுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. மேலப்பாளையத்தில் தன் வீட்டிலிருந்தே பேசுகிறாள். மிஸ் என்று கூப்பிட்டேன். "மிஸ்ஸெல்லாம் வேண்டாம்க்கா" என்று சிரித்தாள். வேறு எப்படிக் கூப்பிட?

ஜெபமணி சார் என் பெயரைக் கொடுக்கவில்லை, நானே கேட்டுச் சேர்ந்தேன். அவர்தான் எங்கள் நிலையத்துக்கு மேலதிகாரி, நாகர்கோவில் ஆபீஸில் இருக்கிறார். "புரோகிராம் எழுதப் படிச்சு நீ என்னம்மா செய்யப்போற, நம்பரை அடிச்சாப் போதாதா?" என்றார். வேலைக்கு உதவும் சார் என்றேன். அதுதான் காரணம்.

இன்று படித்தது சமக்குறி. பள்ளிக்கூடத்தில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் ஒன்று. இங்கே அப்படி இல்லை. வலது பக்கம் இருப்பதை எடுத்து இடது பக்கத்துப் பேருக்குள் வை என்று அர்த்தமாம். மீன் = 12 என்று எழுதினோம். அடுத்த வரியில் மீன் = மீன் + 3. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் டீச்சர் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார். கம்ப்யூட்டர் ஒரு பேச்சும் பேசாமல் 15 என்றது.

வந்து துணி துவைத்தேன். மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வகுப்பைப் பற்றிச் சொன்னேன். "ம், நல்லது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மனசைப் போட்டுக் குழப்பாதே" என்றார்.

ஜூன் 5

இந்த நோட்டு வகுப்புக்காக வாங்கியது. என் வேலையையும் ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

காலை ஐந்தேகாலுக்கு நிலையத்தைத் திறப்பேன். ஐந்தரைக்கு அன்றைய கடல்நிலைத் தாள் மின்னஞ்சலில் வரும். அதிலிருந்து காற்றின் வேகம் கிலோமீட்டரில், அலையின் உயரம் மீட்டரில் என்று இரண்டு எண்களைப் புரோகிராமில் அடிப்பேன். 'எச்சரிக்கை' என்றோ 'எச்சரிக்கை இல்லை' என்றோ திரையில் வரும். எச்சரிக்கை என்றால் 312 போன்களுக்குக் குரல்செய்தி போகும், ஒலிபெருக்கியிலும் நான் சொல்வேன். பெரிய புயலுக்கு அரசாங்கமே சொல்லிவிடும். இது எங்கள் ஊர்ச் சின்ன வள்ளங்களுக்காக வைத்தது. எண்ணை அடிப்பதற்கும் பதில் வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று நாலு வருஷமாக எனக்குத் தெரியாது.

ஜூன் 7

கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு நட்சத்திரம், வகுத்தலுக்குச் சாய்ந்த கோடு. இதற்கெல்லாம் பொதுப்பேர் ஆபரேட்டர், தமிழில் செயற்குறி. இரண்டு சாய்ந்த கோடு போட்டால் முழு எண் மட்டும் வரும். சதவீதக் குறியைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டு சதவீதம் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அது மிச்சத்தைச் சொல்லும் குறியாம். பதினேழு கணவாய் மீனை ஐந்து பேர் பிரித்தால் 17 // 5 என்பது ஆளுக்கு மூன்று. 17 % 5 என்பது சட்டியில் கிடக்கும் இரண்டு.

2 + 3 * 4 என்பது இருபது இல்லை, பதினான்கு. பெருக்கல்தான் முதலில். நமக்கு வேண்டியபடி நடக்க அடைப்புக்குறி போட வேண்டும். "நாம என்ன நினைச்சோம்னு அதுக்குத் தெரியாதுக்கா, எழுதினதுதான் தெரியும்" என்றாள் மிஸ்.

ஜூன் 9, ஞாயிறு

காலைப் பூசை. அண்ணன் மனைவி றோஸிலின் மயினி மூன்று வரிசைக்கு முன்னால் இருந்தாள். முடிந்ததும் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டாள். சாளை மீன் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 14

ஒரு வரியில் 'காற்று = 45 என்றால்' என்கிற மாதிரி எழுதினேன். சிவப்பில் பிழை காட்டியது. மூன்று தடவை அடித்தும் அதே சிவப்பு. மிஸ் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒத்தைச் சமம் கட்டளைக்கா. இரட்டைச் சமம் கேள்வி. நீங்க கேக்கணும், ஆனா கட்டளை போடுறீங்க."

== என்று போட்டேன். உடனே பதில் வந்தது. பதில் இரண்டே விதம்தான். ட்ரூ, ஃபால்ஸ். உண்மை, பொய். நடுவில் ஒன்றும் கிடையாது. 'இருக்கலாம்', 'கவனக்குறைவால் நேர்ந்திருக்கக்கூடும்' என்றெல்லாம் அது சொல்லாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூன் 18

பெரிது, சிறிது. காற்று > 45 என்றால், சரியாக 45 வந்தால் என்ன என்று மிஸ் கேட்டாள். பாதிப்பேர் உண்மை என்றோம். பொய்யாம். 45, 45-ஐ விடப் பெரிது இல்லையே. அதையும் சேர்க்க >= என்று போட வேண்டும். ஒரு சின்னக் கோட்டில் ஒரு முழுநாள் உள்ளே வருகிறது, இல்லாவிட்டால் வெளியே நிற்கிறது.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "மிஸ், நாம அடிச்ச எண்ணை கம்ப்யூட்டர் வச்சிருக்குமா? போன வருஷம் அடிச்சதை இப்ப பாக்க முடியுமா?"

"சேமிச்சு வைன்னு புரோகிராம்ல எழுதியிருந்தா வச்சிருக்கும். இல்லன்னா அப்பவே போச்சு. ஏன்க்கா?"

சும்மாதான் என்றேன்.

ஜூன் 21

மழை. கரண்ட் இல்லை. வகுப்பும் இல்லை.

ஜூன் 25

இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது எப்படி என்று இன்று. அண்ட் என்றால் இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். ஆர் என்றால் ஏதாவது ஒன்று போதும். நாட் என்றால் பதிலைத் திருப்பிப்போடும். சொந்தமாக உதாரணம் சொல்லச் சொன்னாள். கடலுக்குப் போக மண்ணெண்ணெயும் வேண்டும் ஆளும் வேண்டும், அது அண்ட் என்றேன். கரைக்குத் தகவல் சொல்லப் போன் அல்லது வாக்கிடாக்கி, அது ஆர். "பிரமாதம்க்கா" என்றாள்.

நாலு வரிப் பட்டியல் ஒன்று கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னாள். உண்மை அண்ட் பொய், விடை பொய். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன்.

ஜூன் 28

வீட்டுப்பாடம்: உங்கள் நிலையத்தில் ஓடும் புரோகிராமைத் திறந்து, அதில் உள்ள செயற்குறிகளையெல்லாம் கண்டுபிடித்து எழுதி வாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம், வாசித்தால் போதும்.

ஜூன் 29

திறக்கவில்லை. நிலையத்து மின்விசிறியைத் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளையும்.

ஜூலை 2

கரண்ட் இல்லை, அதனால் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று மிஸ்ஸிடம் சொன்னேன். கரண்ட் இருந்தது.

ஜூலை 3

திறந்தேன். மொத்தம் நாற்பத்தொரு வரி. பாதிக்கு மேல் எனக்கு வாசிக்கத் தெரிகிறது. ஒவ்வொரு குறியாக எழுதிக்கொண்டு வந்தேன். இருபத்தாறாவது வரியில் நின்றுவிட்டேன்.

காற்று 45-ஐ விடப் பெரிது, அண்ட், அலை 3-ஐ விடப் பெரிது. இரண்டும் சேர்ந்தால் எச்சரிக்கை. இல்லாவிட்டால் எச்சரிக்கை இல்லை.

நிலையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இப்போது மணி நாலரை. அதை எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட் 9. தாளில் காற்று 52, அலை 2.4. அடித்தேன். எச்சரிக்கை இல்லை என்று வந்தது. என் அண்ணன் அருளப்பனின் வள்ளத்தில் அவனையும் சேர்த்து நாலு பேர் போனார்கள். எட்டு மணிக்கு மேல் காற்று ஏறியது. வள்ளம் கவிழ்ந்து மூன்று பேரை வேறொரு வள்ளத்துக்காரர்கள் தூக்கினார்கள். அண்ணனின் உடல் மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கியது.

அதற்குப் பிறகு விசாரணை வந்தது. தாளில் 52 என்று இருக்கிறது, 52-க்கு எச்சரிக்கை போயிருக்க வேண்டும், போகவில்லை, அப்படியானால் அடித்தவள் 25 என்று மாற்றி அடித்திருக்கிறாள் என்றார்கள். நான் சரியாகத்தான் அடித்தேன் என்றேன். முதலில் உறுதியாகச் சொன்னேன். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விரல் எந்த எண்ணை முதலில் தொட்டது என்று யாருக்கு நினைவிருக்கும்? 'தட்டச்சுப் பிழை, கவனக்குறைவால் நேர்ந்திருக்கக்கூடும்' என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஜெபமணி சார்தான் வேலை போகாமல் பார்த்துக்கொண்டார். மயினி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 4

வகுப்பில் எழுதிப் பழகும் இடத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துப் பார்த்தேன். 52-ம் 2.4-ம் கொடுத்தேன். ஃபால்ஸ். 25-ம் 2.4-ம் கொடுத்தேன். ஃபால்ஸ்.

எப்படி அடித்திருந்தாலும் ஒன்றுதான். பத்து தடவை அடித்தேன். வெளியே யாரோ மீன் வலையை உதறிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசித்தது.

ஜூலை 5

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸை மட்டும் இருக்கச் சொல்லி அந்த வரியைக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாமலே கண்டுபிடித்தாளோ என்னவோ, வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

பிறகு சொன்னாள்: "இது புதுசா எழுதுற எல்லாரும் பண்ற தப்புக்கா. நாம பேசுற தமிழ்தான் காரணம். 'காத்தும் அலையும் கூடுனா போகமாட்டோம்'னு சொல்வோம்ல? நாம சொல்றது ரெண்டுல எது கூடுனாலும் போகமாட்டோம்னு. அந்த ரெண்டு 'உம்'மைப் பாத்தா எழுதுற ஆளு அண்ட்னு போட்டுருவாரு."

"அப்ப ஆர் போட்டிருக்கணும்."

"ஆமாக்கா."

ஜூலை 8

ஜெபமணி சாருக்குக் கடிதம் எழுதினேன். நாலு வரி. இருபத்தாறாவது வரியைப் பாருங்கள், ஒருமுறை நேரில் வாருங்கள் என்று.

ஜூலை 11

சார் வந்தார். பைக்கை நிறுத்தும்போதே முகம் சரியில்லை. "முடிஞ்ச விஷயத்தை எதுக்கும்மா மறுபடியும்" என்றுதான் ஆரம்பித்தார். நான் நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டேன். முதலில் 52, 2.4. பிறகு 60, 2.9. பிறகு 80, 3.0. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை இல்லை.

எண்பதுக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இந்த வரியை எழுதினது யாருன்னு தெரியுமா?" என்றார்.

"கம்பெனிக்காரங்கன்னு சொன்னீங்களே சார்."

"கம்பெனி ஒண்ணும் இல்லம்மா. நான்தான். ஒரு புத்தகம் வாங்கி, மூணு வாரம் இருந்து எழுதினேன். உங்க கரையிலதான் வந்து கேட்டேன். காத்தும் அலையும் கூடுனா போகமாட்டோம்னாங்க. அப்படியே எழுதினேன். சோதிச்சும் பாத்தேன். ரெண்டுமே பெரிய எண்ணாப் போட்டுப் பாத்தேன், எச்சரிக்கை வந்துது. ரெண்டுமே சின்ன எண்ணாப் போட்டுப் பாத்தேன், வரல. ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னது போட்டுப் பாக்கணும்னு தோணலையே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த மனிதர் ஊரில் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. ஆனாலும் பதினோரு மாதம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்.

"முதல்ல வரியை மாத்தணும் சார். பொறகு கடிதத்தை."

எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீயே மாத்து."

அண்ட் என்பதை எடுத்துவிட்டு ஆர் போட்டேன். இரண்டு > குறிகளையும் >= ஆக்கினேன். அடித்த எண்களைத் தேதியோடு சேமித்து வைக்க மிஸ் சொல்லிக்கொடுத்த இரண்டு வரியையும் சேர்த்தேன். போன்களுக்குச் செய்தி போகாமல் நிறுத்திவைத்துவிட்டு, காற்று மட்டும் பெரிது, அலை மட்டும் பெரிது, இரண்டும் பெரிது, இரண்டும் சின்னது, சரியாக 45, சரியாக 3 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சார் தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

ஜூலை 16

காற்று 47, அலை 1.8. புது வரி எச்சரிக்கை என்றது. 312 போனுக்கும் போனது. அதற்குப் பிறகு பத்து மணிக்கெல்லாம் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. எல்லா வள்ளமும் கரையில். வள்ளக்காரர் சூசை மச்சான் வாசலில் வந்து நின்று, "சும்மா கெடக்க கடலைக் காட்டிப் பயங்காட்டினா எங்க வீட்டுல அடுப்பு எரியுமா?" என்று கத்தினார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் வரியை மாற்றமாட்டேன்.

ஜூலை 24

காற்று 45. சரியாக நாற்பத்தைந்து. எச்சரிக்கை போனது. ஏழெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டே வலையைத் திரும்ப மடித்தார்கள். சூசை மச்சானும் போகவில்லை. பதினோரு மணிக்குக் காற்று எழும்பித் தென்னை ஓலைகளைப் பிய்த்து ரோட்டில் போட்டது. மத்தியானம் மச்சான் நிலையத்துக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஜெபமணி சார் எழுந்து நின்றார். கடிதத்தை அவரே வாசித்தார். "போன வருடம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி டெல்பின் எண்களைத் தவறாக அடித்ததாக எழுதியிருந்தோம். அதற்கு ஆதாரம் இல்லை. பிழை நிரலில் இருந்தது. அந்த நிரலை எழுதியவன் நான்."

யாரோ எழுந்து கெட்ட வார்த்தை சொன்னார்கள். பங்குச் சாமியார் உட்காரச் சொன்னார். சார் உட்காரவே இல்லை, எல்லாரும் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். பெண்கள் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. மயினி அங்கே இருந்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

மஸ்கட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "இனியாவது நிம்மதியா இரு" என்றார். சரி என்றேன். நிம்மதி இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அண்ணனின் ஆண்டுப் பூசை. கடைசி வரிசையில் இருந்தேன். பதினொரு மணிக்கு நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மயினி. கறுப்புச் சேலை. ஒரு வருஷத்தில் மெலிந்துபோயிருக்கிறாள்.

"அந்தச் சாரு வாசிச்சது எனக்கு வெளங்கல. எனக்குக் காட்டு" என்றாள்.

வகுப்பு நோட்டில் இருந்த பழைய வரியை எழுதிப் பழகும் இடத்தில் அடித்தேன். 52. 2.4. மயினிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

"என்ன சொல்லுது?"

"இல்லன்னு."

அண்ட் என்பதை ஆர் ஆக்கினேன்.

"இப்ப?"

"ஆமான்னு."

"ஒரு வார்த்தையா?"

"ஒரு வார்த்தைதான் மயினி."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்பத்திரண்டுன்னு அன்னைக்கு ஒனக்குத் தெரிஞ்சிருந்துதா?"

இதைத்தான் விசாரணையில்கூட யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை, இந்த நோட்டில்கூட.

"தெரிஞ்சிருந்துது" என்றேன். "அண்ணன் ரோட்டுல நின்னு, எப்பிடி பிள்ளேன்னு கேட்டான். நான் அம்பத்திரண்டுன்னு சொல்லல. ஒண்ணுமில்ல அண்ணா, போயிட்டு வான்னேன். அம்பத்திரண்டு கூடுதலாச்சேன்னு எனக்கே தோணிச்சு மயினி. கம்ப்யூட்டர் இல்லன்னு சொல்லிச்சு. அது என்னைவிடப் படிச்சதுன்னு நெனச்சேன்."

மயினி ஜன்னல் பக்கம் போனாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"எண்ணைச் சொல்லியிருந்தா அவரு போயிருக்கமாட்டாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அம்பதுக்கு மேலன்னா அவரு போகவேமாட்டாரு. அது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

அவள் போய்விட்டாள். நான் எழுந்து போகவில்லை, கூப்பிடவும் இல்லை. சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10

காற்று 31, அலை 1.6. எச்சரிக்கை இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை ஐந்தரைக்குத் தாள் வந்தது. காற்று 43, அலை 2.7. அடித்தேன். எச்சரிக்கை இல்லை என்று வந்தது. வரி சரிதான். நாற்பத்திமூன்று நாற்பத்தைந்து இல்லை, இரண்டே முக்கால்கூட இல்லாத அலை மூன்று இல்லை.

எச்சரிக்கை இல்லாத நாளில் ஒலிபெருக்கியை நாங்கள் போடுவதில்லை. இன்று போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. "இன்று எச்சரிக்கை இல்லை. காற்று நாற்பத்திமூன்று. அலை இரண்டு புள்ளி ஏழு. கிட்டத்தட்ட எல்லையில் இருக்கிறது. போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். எண் இதுதான்."

அணைக்கப் போனேன். கீழே கரையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. மயினி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி, சூசை மச்சானின் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தம்பி அந்த வள்ளத்தில்தான் போகிறான். கையை வாய்க்கு வைத்துக் கத்தினாள்.

"பிள்ளே டெல்பின்! காத்து எவ்வளவு? சரியாக் கேக்கல, ஒருக்கா கூட வாசி!"

இன்னொரு தடவை வாசித்தேன். மெதுவாக.